வெளியே வராத பித்தளைக் கூடு

என் பெயர் நாடீன் ஆல்ரெட். வயது இருபத்தேழு. காலஞ்சென்ற லவெல் ஆல்ரெட்டின் மகள். யூட்டா மாநிலம், டோரன் கவுண்டி, ஆல்டர் ஃபோர்க் ஊரில், கால்வாய்த் தெருவில் உள்ள டிரெய்லர் வண்டி வீட்டில் என் தாயாருடனும் தம்பியுடனும் குடியிருந்து வருகிறேன். மேற்படி ஊரில் உள்ள பென்ஸ்டோன் துப்பாக்கித் தொழிற்சாலையில் பாகங்கள் பூட்டும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கவுண்டியின் காவல் துறையான ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பறியும் அதிகாரி மார்வா டிங்கி என்னை விசாரித்தபோது இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். ஒலிப்பதிவுக் கருவி பழுதாகியிருப்பதாக அவர் சொன்னார். அப்படியானால் நான் சொல்வதைக் கையால் எழுதி, எழுதியதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அதன் பேரில் இது கையால் எழுதப்படுகிறது.

வெஸ்டன் ஆல்ரெட் என்பவர் என் உடன்பிறந்த தம்பி. வயது இருபத்துநான்கு. அவரும் பென்ஸ்டோனில் வேலை பார்க்கிறார். புதிதாகப் பூட்டி வரும் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்ப்பது அவர் வேலை. அவர் இடதுகைக்காரர். எங்கள் ஊரில் பென்ஸ்டோனில் வேலை செய்யாதவர்கள் பென்ஸ்டோனில் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு விற்கிறார்கள். கம்பெனியின் விற்பனை மேலாளர் கார்த் லீவிட். எங்கள் சபைக்கும் அவர்தான் பிஷப். எங்கள் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது என்பதால் எல்லா பிஷப்பும் வேறு ஒரு வேலை பார்ப்பார்கள். வாரநாட்களில் அவர் சொன்ன இடத்தில் திருகாணி முடுக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் தலை குனிகிறோம். இதை எதற்காகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

ஏப்ரல் மாதக் கடைசி சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே உள்ள சுடும் மைதானத்தில் மூன்று குட்டைத் துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. மூன்றும் பெரிய தோட்டா போடுகிறவை. முந்நூற்றெட்டு என்று நாங்கள் சொல்லும், மானும், எல்க் என்னும் பெரிய மானும் விழும் தோட்டா. ஷெரிஃப் அலுவலகம் தன் ரோந்து வண்டிகளுக்கு இந்த மாதிரித் துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொன்னார்கள். அலுவலகத்தின் சார்பில் லெப்டினன்ட் ரூலன் பெக் வந்திருந்தார். வீடியோ எடுப்பதற்குக் கோல்பி ரென்ஷா வந்திருந்தார். துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து இணையத்தில் மதிப்பீடு சொல்கிறவர் இவர். எங்கள் பிரிவில் அவர் வீடியோவைப் பார்க்காதவர்கள் இல்லை. சுடுவதற்கு வெஸ்டன். துப்பாக்கிகளைத் துடைப்பதற்கும் அவற்றில் மாட்டும் மேகஸின்களில் தோட்டா நிரப்புவதற்கும் நான். அன்று சுடப்பட்ட ஒவ்வொரு மேகஸினையும் நான்தான் என் கையால் நிரப்பினேன். கம்பெனி கொண்டுவந்த, முத்திரை பிரிக்காத பெட்டிகளிலிருந்து நிரப்பினேன்.

மூன்று துப்பாக்கிகளில் ஒன்று வெளிநாட்டில் செய்த கருப்புத் துப்பாக்கி. இன்னொன்று வேறொரு மாநிலத்தில் செய்த மணல் நிறத் துப்பாக்கி. மூன்றாவது எங்களுடையது. இந்தக் குட்டைத் துப்பாக்கிகளில் தோட்டா வெடிக்கும் அறை விசைக்கு முன்னால் இருக்காது, பின்னால், தோளில் பதிக்கும் கட்டைக்குள்ளேயே இருக்கும். அதனால் குழல் முழு நீளமாக இருந்தாலும் துப்பாக்கி ஒரு சாணுக்கு மேல் குட்டையாகிவிடும். அதே காரணத்தால் வெடிக்கிற இடம் சுடுகிறவரின் கன்னத்துக்கு நேர் கீழே வந்துவிடும். வாங்க வருகிறவர்களிடம் முதல் விஷயத்தை எங்கள் கம்பெனி சொல்லும். இரண்டாவது விஷயத்தைச் சொல்லிக் கேட்டதில்லை.

முதலில் மூன்றையும் ரோந்து வண்டிக்குள் வைத்து எடுத்துப் பார்த்தார்கள். பழைய நீளத் துப்பாக்கியை எடுத்தால் ஸ்டீரிங்கில் இடித்தது. இவை மூன்றும் இடிக்கவில்லை. எங்களுடையது மூன்றிலும் குட்டையாக இருந்தது. அதன் பிறகு வெஸ்டன் மூன்றையும் இலக்குப் பலகையில் சுட்டார். கருப்பின் விசை மெத்தையில் விரலை அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றும், மணல் நிறத்தில் புகை மூக்குக்கு வருகிறது என்றும், எங்களுடையது குறி தவறாமல் சுடுகிறது என்றும் சொன்னார். எங்களுடையதில் ஒரு வசதி, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். அதனால் கூடு முகத்தில் அடிக்காமல் இடதுகைக்காரரும் சுடலாம். அதற்காகத்தான் வெஸ்டனை நிறுத்தியிருந்தார்கள்.

லெப்டினன்ட் பெக் கருப்புத் துப்பாக்கியில் தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, திறந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, நகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் குழலை உள்ளே பார்த்தார். பிறகு, அந்த இடம் மூடியே இருக்கும் எங்களுடையதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எப்டிப் பாக்குறது, கார்த்?"

"மூடிதான் லெப்டினன்ட் இதோட அழகே. தூசி உள்ள போகாது."

"தூசி போகாது சரி. போனா எப்டித் தெரியும்?"

"போகவே போகாதுங்கிறேன்."

இதற்கு லெப்டினன்ட் பெக் சிரித்தார். எங்கள் துப்பாக்கியில் குழலை உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சாவி போட்டுத் திருகாணிகளைத் தளர்த்திக் குழலை வெளியே உருவ வேண்டும். அந்தச் சாவி என் மேலங்கிப் பையில் இருந்தது.

மதிய உணவுக்குப் பிறகு சேற்றுச் சோதனை வைத்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தகரத் தொட்டியில் சேறு கரைத்து வைத்திருந்தோம். துப்பாக்கியை அதில் முக்கி எடுத்து உடனே சுட வேண்டும். இந்தச் சோதனை செய்கிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. முக்குவதற்கு முன் குழலின் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார்கள். முதல் குண்டு டேப்பைத் துளைத்துக்கொண்டு போகும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் டேப் இல்லாமல் குழலுக்குள் சேறு போய் அடைத்துக்கொண்டால், குண்டு போக வழியில்லாமல் வெடிப்பு பின்னால் திரும்பும். மூன்று துப்பாக்கிகளுக்கும் நான் டேப் ஒட்டினேன். கருப்பு ஒரு தடவை சுடாமல் நின்று, தட்டிய பிறகு சுட்டது. மணல் நிறம் இரண்டு தடவை நின்றது. எங்களுடையது மூன்றாவது குண்டில் சிக்கிக்கொண்டது, அதன் பிறகு சுடவே இல்லை.

ரென்ஷா கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கார்த், இதப் போட்டா கமெண்ட்ல உங்கள உரிச்சுத் தொங்கவிட்ருவாங்க."

"அப்ப இதப் போடாத. கழுவிட்டு இன்னொரு வாட்டி எடு."

"மத்த ரெண்டுக்கும் இன்னொரு வாட்டி உண்டா?"

"அதுங்க ஊர்லயா நிக்குற நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தார். அதன் பிறகு நான் குழாய்த் தண்ணீரில் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, குழலை உருவிப் பார்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டிக் கொடுத்தேன். அப்போது குழல் சுத்தமாக இருந்தது. கிட்டத்தில் வைத்து ஒரு காட்சி வேண்டும் என்று ரென்ஷா சொன்னதால், மறுபடி சேற்றில் முக்குவதற்கு முன்பே வெஸ்டன் சில குண்டுகள் சுட்டார். அந்தக் குண்டுகள் சரியாகப் போயின. அதன் பிறகு நான் புதிதாக டேப் ஒட்டினேன். ரென்ஷா கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்து, துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி, டேப்பைப் பிய்த்துக் கேமராவின் முன்னால் ஆட்டிக் காட்டினார். அவர் சொன்ன சொற்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. "மத்தவங்களுக்கு டேப் வேணும். பென்ஸ்டோனுக்கு வேணாம்." சொல்லிவிட்டு அவரே துப்பாக்கியைத் தொட்டிக்குள் அழுத்தினார். குழலின் வாய் முதலில் சேற்றுக்குள் போனதை நான் பார்த்தேன்.

உடனே நான் சாவியை எடுத்து லீவிட்டிடம் நீட்டினேன்.

"குழல உருவிப் பாத்துட்டுச் சுடட்டும், பிஷப்."

"உருவுனா முக்குனதுக்கு அர்த்தம் என்ன, நாடீன்? சூரியன் வேற மலைக்கு அந்தப் பக்கம் போகுது."

"டேப் இல்லாம முக்கிருக்காரு."

"நீ மேகஸின பாத்துக்க."

சாவியை மறுபடி பையில் போட்டேன். வெஸ்டன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறினார். கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் சொட்டியது. "அவ்ளோதான், கண்ணீர் விட்ருச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு துப்பாக்கியை இடது தோளில் வைத்து, இடது கன்னத்தைக் கட்டையில் சாய்த்துச் சுட்டார்.

சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை, தட்டையாக இருந்தது. கட்டையின் பக்கத் தகடு பிளந்தது. மேகஸின் வெடித்துக் கீழே விழுந்தது. என் தம்பி விழவில்லை, நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கியைக் கீழே போடாமல், குழலின் வாய் யார் பக்கமும் திரும்பாதபடி மேஜையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முகத்தில் கை வைத்தார். அப்படித்தான் அவரைப் பழக்கியிருக்கிறார்கள். கையை எடுத்தபோது அவருக்கு இடது கண் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. என் மேலங்கியைக் கழற்றி அழுத்திப் பிடித்தேன். "நாடீன், என் கூடெல்லாம் பொறுக்கிட்டியா" என்று கேட்டார். கூடு என்று அவர் சொன்னது தோட்டாவின் பித்தளைக் கூட்டை.

அது என்னவென்று சொல்ல வேண்டும். வெஸ்டன் தன் வேட்டைத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா கட்டுவார். அதுவும் முந்நூற்றெட்டுதான், கட்டும்போது மருந்து கூடிப்போனால் துப்பாக்கியையே உடைத்துவிடும். அப்படிக் கட்டுகிறவர்கள் சுட்ட கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போய் மறுபடி உபயோகிப்பார்கள். யாருடையது என்று அடையாளம் தெரிய, கூட்டின் அடியில் மார்க்கரால் ஒரு வண்ணம் பூசுவார்கள். வெஸ்டனுடையது பச்சை. அன்று காலையில், ஆட்கள் வருவதற்கு முன்பு, அவர் தன் சொந்த வேட்டைத் துப்பாக்கியில் அதே மைதானத்தில் தன் தோட்டாக்களைச் சுட்டிருந்தார். புல்லில் விழுந்தவற்றை முழுவதும் பொறுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். லீவிட் உடைந்த துப்பாக்கியை ஒரு போர்வையில் சுற்றித் தன் வெள்ளை பிக்கப் வண்டியின் பின்சீட்டில் வைத்தார். லெப்டினன்ட் பெக் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டிக் கதவை மூடியது லெப்டினன்ட் பெக்தான். இதை எழுத வேண்டுமா என்று அதிகாரி டிங்கி கேட்டார். எழுத வேண்டும் என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனை அறைக்கு லீவிட் வந்தார். அவருடைய மனைவி சுட்டுக் கொடுத்த சீஸ் உருளைக்கிழங்குத் தட்டை எடுத்துவந்திருந்தார். எங்கள் ஊரில் அது இழவு வீட்டுக்குக் கொண்டுபோகிற பண்டம். வெஸ்டனுக்கு ஒரு கண்ணிலும் தாடையிலும் கட்டுப் போட்டிருந்தது. இருந்தும் வாசனையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் இன்னும் சாகல, பிஷப்."

"உன் வாய்க்கு ஒண்ணும் ஆகல, கடவுளுக்கு நன்றி."

அதன் பிறகு லீவிட் என் தம்பியின் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக் குணமாகும்படி ஜெபம் செய்தார். என் தாயார் அழுதார். ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகும் அவர் கையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. கையை வைத்தபடியே பேசினார்.

"உன் தோட்டா ஒண்ணு தவறிக் கலந்துபோச்சுன்னு சொல்லிரு, வெஸ்டன். தப்பு யாருக்கும் வரும். கம்பெனி உன்னக் குடும்பம் மாதிரி பாத்துக்கும்."

"கலக்கலையே, பிஷப்."

"பச்சைக் கூடு கெடச்சிருக்குப்பா. கழுத்து கிழிஞ்ச பச்சைக் கூடு. லெப்டினன்ட் கைலயே குடுத்துட்டேன்."

அதன் பிறகு என் பக்கம் திரும்பினார். மேகஸின் நிரப்பியது நான் என்பதை எனக்கு நினைவுபடுத்தினார். "வெஸ்டன் கலக்கலன்னா வேற யாரு கலந்திருப்பா, நாடீன்? உங்கம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்கதான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் தாயார் அவருக்குத் தட்டில் உருளைக்கிழங்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அதை வாங்கிச் சாப்பிட்டார்.

கம்பெனி கொடுத்த புகாரில், என் தம்பி சொந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட்டு, கம்பெனியின் துப்பாக்கியைச் சேதப்படுத்தி, அங்கிருந்தவர்கள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று இருப்பதாக அதிகாரி டிங்கி எனக்கு வாசித்துக் காட்டினார். அது உண்மையென்று ஆனால் வேலையில் பட்ட காயத்துக்கு அவருக்கு ஈட்டுத்தொகை கிடையாது. வேலை கிடையாது. வழக்கு உண்டு. கண் போனது போனதுதான். அதற்கு நான் சொல்லும் பதில் பின்வருமாறு.

வெடித்த தோட்டாவின் கூடு தரையில் கிடைக்காது. மற்ற குண்டுகளின் கூடுகள்தான் வெளியே விழும். துப்பாக்கியை உடைத்த கடைசிக் குண்டின் கூடு பின்னால் வர வழியில்லாமல் குழலின் பின்முனையான தோட்டா அறைக்குள் இறுகி ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டி எடுக்கவே பட்டறை வேண்டும். ஆகையால் லீவிட் புல்லிலிருந்து எடுத்துக் கொடுத்த பச்சைக் கூடு எந்தத் தோட்டாவின் கூடாகவும் இருக்கட்டும், என் தம்பியின் கண்ணை எடுத்த தோட்டாவின் கூடு அல்ல. அந்தக் கூடு இன்னும் குழலோடு ஒட்டித்தான் இருக்கிறது. அதன் அடியில் பச்சை இருக்கிறதா, கம்பெனி வாங்கிய பெட்டியின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குழலுக்குள் சேறு இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். குழல் எங்கே என்று நான் அதிகாரி டிங்கியைக் கேட்டேன். சாட்சிப் பொருட்களில் உடைந்த கட்டையும் விசையும் மேகஸினும் இருக்கின்றன, குழல் இல்லை என்று அவர் சொன்னார். தவறிப்போகிற அளவு சின்னப் பொருளல்ல அது. கழற்றாமல் தானாக விழாது. கழற்றுவதற்குச் சாவி வேண்டும். என் சாவி என் மேலங்கியில் இருந்தது. மேலங்கி ரத்தத்தோடு மருத்துவமனைக் குப்பையில் போனது. மற்ற சாவிகள் கம்பெனியில் இருக்கின்றன.

சென்ற வியாழக்கிழமை ரென்ஷா அந்த ஒப்பீட்டு வீடியோவை இணையத்தில் வெளியிட்டார். அதில் மூன்று துப்பாக்கிகளில் பென்ஸ்டோன் முதலிடம். அந்த வீடியோவில் என் தம்பிக்கு முகம் இல்லை, தோளும் கையும் மட்டும். விபத்து நடந்ததாக ஒரு சொல் இல்லை. ஆனால் டேப்பைப் பிய்த்துச் சொன்ன அந்த வசனத்தை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. வெட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்த வசனத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கைதட்டு விழுந்திருந்தது. வசனம் சொல்கிறார், வாய் திறந்த துப்பாக்கியைச் சேற்றில் அழுத்துகிறார், எடுக்கிறார். அடுத்த காட்சியில் வெஸ்டன் சுடுகிறார், நன்றாகப் போகிறது. ஆனால் அந்தக் காட்சியில் துப்பாக்கியின் மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எண்ணெய் மினுக்குகிறது. அது சேற்றில் முக்குவதற்கு முன்பு சுட்டது. அவர் தோளுக்குப் பின்னால் நான் மேஜையில் நின்று மேகஸின் நிரப்புவதும், கம்பெனியின் பெட்டியை நான் பிரிப்பதும் தெரிகிறது. மறுநாள் வீடியோ காணாமல் போனது. யார் சொல்லி எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் நாளே நான் என் போனில் சேமித்துவிட்டேன். ஒரு பிரதி இங்கே கொடுக்கிறேன். இன்னொன்று இந்த ஊரில் இல்லாத ஒரு வக்கீலிடம் இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னேன்.

இந்த வாக்குமூலம் கொடுப்பதால் எனக்கு வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. இரண்டும் செய்தவர்கள் வேறொன்றைச் சொல்லச் சொல்லித்தான் செய்தார்கள்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று அதிகாரி டிங்கி கேட்டார். ஒன்று இருக்கிறது என்றேன். இந்த அறைக்கு வரும் வழியில், தாழ்வாரத்தில் உள்ள கண்ணாடி அலமாரியில் புதிய பென்ஸ்டோன் குட்டைத் துப்பாக்கிகள் நிறுத்தியிருப்பதைப் பார்த்தேன். என்றைக்கு வந்தவை என்று கேட்டேன். மார்ச் மாதம் வந்தவை என்று அவர் சொன்னார். ஒப்பீடு நடந்தது ஏப்ரல் கடைசியில். கட்டைப்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரியின் பெயர் ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் டிங்கி என்று இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரி இடது கையால் எழுதுகிறார். எழுதிய வரிகளின் மேல் கை படிந்து மை இழுபட்டிருக்கிறது. எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள் என்று நான் அவரைக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இடது கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு பேனாவை எடுத்தார். நான் கேட்டதையும் அவர் செய்ததையும் எழுதும்படி சொன்னேன், எழுதினார்.

இவ்வளவும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒரு வரியும் கூட்டவில்லை, ஒரு வரியும் விடவில்லை. நான் பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் சொல்லியிருக்கிறேன். இது உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நாடீன் ஆல்ரெட்

என் முன்னால் சொல்லி, என் கையால் எழுதப்பட்டது. குழலைத் தேடுவதற்கு நீதிமன்ற உத்தரவு கோரி இன்றே மனு அனுப்புகிறேன்.

(ஒப்பம்) மா. டிங்கி, துப்பறியும் அதிகாரி